மூன்று தரம் அடித்த மணி

ஷரீஃபுதீனுக்கு ஆஸ்டின் கார் வந்தாலும் வந்தது, பொறுமை போன இடம் தெரியவில்லை. மோட்டார் கொட்டகைக் கதவைக் கையால் தூக்குவதாவது! முன்கூடத்துப் பொத்தானை அமுக்கினால் கொட்டகையில் காந்தப் பூட்டு விடுபட வேண்டும், எதிர் எடை இறங்க வேண்டும், கதவு தானாக மேலே ஏற வேண்டும். பழைய பூட்டு இரண்டு மழைக்காலம் பார்த்ததும் துருவேறிப் படுத்துவிட்டது. சிங்கப்பூரிலிருந்து புதுசு வரவழைத்துக் கூடத்தில் வைத்துவிட்டு, தெங்கேராவிலிருந்த துணிக்கடைக்குப் போய்விட்டார் மனிதர். மிச்சப் பாடு யாருக்கு? பெண்டாட்டி ஜெய்னம்புக்குத்தான்.

பூட்டு மாட்ட வந்தவர் பக்கத்துக் கிராமமான செட்டிக் கம்பத்து ஒயர்மேன். பேர் தெய்வநாயகம், நெற்றியில் பட்டை பட்டையாகத் திருநீறு, வாயைத் திறந்தால், அந்த ஊர்ச் செட்டிகள் எல்லாரையும் போல, மலாய். தமிழ் அவருக்கு ஊறுகாய் மாதிரி, ஓரத்தில் கொஞ்சம் இருக்கும்.

"தம்பி, புதுப் பூட்டுக்குப் புது வயர்தானே?" என்றாள் ஜெய்னம்பு.

"புதுசு எதுக்கு, காக்? அக்கா, சுவர்ல இருக்கிற வயர் மாசி பாகுஸ். நல்லா இருக்கு."

அந்தச் சுவருக்குள் ஓடுவது கொட்டகை வயர் மட்டுமில்லை. அதே மரச்சட்டத்துக்குள், அதே நிறத் துணி சுற்றிய இன்னொரு ஜோடி வயர், பக்கத்து வீட்டில் இருக்கும் தங்கை ரகுமத்தின் அடுப்பங்கரை மணிக்குப் போகிறது. அஸ்மா வயிற்றில் இருந்தபோது ஷரீஃபுதீன் போட்டுக் கொடுத்தது அது. ஒரு தரம் அடித்தால் சாயா தயார், இரண்டு தரம் என்றால் சோற்றுக்கு ஆணம் வாங்கிப் போ, மூன்று தரம் என்றால் போட்டது போட்டபடி ஓடி வா. மூன்று தரம் அடித்த நாளில்தான் அஸ்மா பிறந்தாள். மருத்துவச்சி வருமுன்னே பிள்ளையைக் கையில் ஏந்தியவள் ரகுமத்து.

அவளைத்தான் அஸ்மாவின் நிக்காஹ் அன்று, மணப்பெண் கழுத்தில் கருகமணி கட்ட ஆசையாய்க் கையை நீட்டியவளை, சபையில் வைத்து ஜெய்னம்பு தடுத்தாள். "நீ வேணாம். புருசன் இருக்கிறவ கட்டட்டும்." அவ்வளவுதான். ரகுமத்து எழுந்து போனாள். அன்று சாயங்காலமே ஜெய்னம்பு வீம்புக்குத் தன் பக்கத்து மணிப் பொத்தானைப் பிடுங்கி எறிந்தாள். வருஷம் ஐந்தாகிவிட்டது. இப்போது தலைப்பிரசவத்துக்குப் பினாங்கிலிருந்து வரப்போகிற அஸ்மா, சாச்சி ரகுமத்து பக்கத்தில் இல்லாமல் பெற்றுக்கொள்ள மாட்டேன் என்று கடிதம் எழுதியிருக்கிறாள். ஜெய்னம்பு தினமும் கொல்லைப்புற வாசல்வரை போகிறாள், திரும்பி வருகிறாள். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போவது?

"பொறு தம்பி, பழைய வயரை மொதல்ல நான் வந்து பாக்க..."

அடுப்பில் பால் பொங்கியது. சொல்லை அந்தரத்தில் விட்டுவிட்டு ஓடினாள்.

செட்டிக் கம்பத்துக் காதுக்கு அது 'பாக்க' இல்லை, 'பாக்கே'. பாக்கே என்றால் மலாயில் 'பயன்படுத்து'. பழைய வயரையே போடச் சொல்லிவிட்டார் அக்கா என்று தெய்வநாயகத்துக்கு ஒரே சந்தோஷம். சட்டத்துக்குள் கிடந்த நாலு முனையையும் இரண்டிரண்டாக முறுக்கிப் பொத்தானில் சேர்த்தார். எந்த வேலையையும் மூன்று தரம் சோதித்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அமுக்கினார். கொட்டகைக் கதவு ஏறியது. இழுத்துச் சாத்திவிட்டு வந்து மறுபடி அமுக்கினார். இன்னும் ஒரு தரம்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மணி மூன்று தரம் அடித்தது. ஜெய்னம்பு பால் சட்டியோடு உறைந்து நின்றாள். வருவாளா? வந்தால் என்ன சொல்வது? வராவிட்டால், யா அல்லாஹ், வராவிட்டால் அதை எப்படித் தாங்குவது?

கொல்லைக் கதவு படாரென்று திறந்தது. ரகுமத்துதான். கையெல்லாம் மாவு, ஒரு காலில் மட்டும் செருப்பு.

"ராத்தா! என்னாச்சு? மச்சானுக்கா? அஸ்மாவுக்கா? சொல்லேன்!"

ஜெய்னம்பு வாய் திறக்குமுன் கூடத்திலிருந்து குரல் வந்தது. "காக், கதவு தெறந்திச்சு! பாகுஸ்!"

ரகுமத்து கூடத்தை எட்டிப் பார்த்தாள். பொத்தானைப் பார்த்தாள், ஏறி நிற்கும் கொட்டகைக் கதவைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. முகம் சுண்டிப்போயிற்று.

"ஓ. காருக்கா அடிச்சீங்க" என்று திரும்பினாள்.

ஆமாம், ஒயர்மேன் தப்பு என்று சொன்னால் போதும், ஜெய்னம்புவின் மானம் பிழைத்துக்கொள்ளும். நாக்கு நுனிவரைக்கும் அதுதான் வந்தது.

"ரகுமத்து, நீ இன்னும் மணியக் கழட்டலையா?"

போனவள் நின்றாள். "நீங்க வயர அறுக்கலையே."

"கருகமணி நீதான் கட்டியிருக்கணும். அப்படிச் சொன்ன என் நாக்கு அழுகிப் போக!" ஜெய்னம்பு உடைந்து அழுதாள். "என்னை மன்னிச்சிரு புள்ள."

"இதச் சொல்ல அஞ்சு வருசமா?"

"வீம்பு, புள்ள."

ரகுமத்து முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள். "அஸ்மாவுக்கு எத்தனாவது மாசம்?" என்றாள்.

தெய்வநாயகத்துக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. பதறிப்போய் விரல்களைக் கத்திரிபோல ஆட்டினார். "சாலா வயரா, காக்? தப்பாயிடிச்சா? போத்தோங்? வெட்டிரவா?"

"கார் எடுக்கிறப்பல்லாம் எங்க வீட்டு மணி அடிக்கும், ராத்தா" என்றாள் ரகுமத்து.

"அடிக்கட்டும். ஒரு தரம் அடிச்சா உன் மச்சான். மூணு தரம் அடிச்சா நான்." ஜெய்னம்பு ஒயர்மேன் பக்கம் திரும்பினாள். "வெட்டாதீங்க தம்பி. பாக்கே."