ஒன்பது நாள் நடை

ஒட்டகத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கோம்போ அழுதான். ஓநாயைக் கண்டாலும் கல்லெடுத்துத் துரத்துகிற மனுஷன், மூக்கு ஒழுக அழுதான். மூன்று மாதத்துக்கு முன் மலைக்குத் தெற்கே விற்ற பெண் ஒட்டகம் அது. வாங்கிய நம்சரை என்பவர் காலுக்குத் தளை போடாமல் மேயவிட்டிருக்கிறார். வடகாற்று அடித்த ஒரு நாள் அது வடக்கே முகத்தைத் திருப்பியது, ஒன்பதாம் நாள் பிறந்த இடத்துக்கு வந்து நின்றுவிட்டது. இரண்டு திமில்களும் வற்றிச் சரிந்திருந்தன.

அதைத் தேடி மோட்டார் சைக்கிளில் வந்த நம்சரைக்குக் கோம்போவின் மனைவி துல்மா உப்புத் தேநீர் ஊற்றினாள். அவள் பிறந்த கிணற்றடிக் குடியிருப்பில், அவள் அம்மாவின் கூடாரத்துக்குப் பக்கத்துக் கூடாரம் அவருடையது. அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்க வாயெடுத்து, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டாள். தண்ணீருக்குக் குறைவில்லை, உன் அம்மாதான் இப்போது வாளியைத் தடவித் தேடுகிறார், ஆடுகளைக் குரல் வைத்துத்தான் அடையாளம் காண்கிறார் என்றார். துல்மா அவர் கிண்ணத்தில் மறுபடி தேநீர் ஊற்றினாள். வாழ்க்கைப்பட்டு வந்து பதினோரு வருஷம். ஒரு வருஷம் குட்டி போடும் பருவம், ஒரு வருஷம் பனி, அப்புறம் வறட்சி. போய்வர ஒரு நாள் வாய்க்கவே இல்லை.

கோம்போ கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். இதைத் திருப்பித் தரமாட்டேன், பதிலுக்கு இரண்டு ஒட்டகம் ஓட்டிக்கொண்டு போங்கள் என்றான். நம்சரைக்குக் கசக்குமா?

"வாயில்லா ஜீவன். பொறந்த மண்ணுக்கு எப்படி ஏங்கியிருக்கு பாருங்கண்ணே" என்றான் கோம்போ.

"நானும் ஒம்போது நாள் நடந்து போய் நின்னாத்தான் உங்களுக்குப் புரியுமா?" என்றாள் துல்மா.

நம்சரை குனிந்து தேநீரைக் குடித்தார். கோம்போ அவள் பக்கம் திரும்பினான்.

"நீ கேட்டதே இல்லையே."

"அது மட்டும் கேட்டுச்சா?"

மறுநாள் காலை, கொடுப்பதாகச் சொன்ன இரண்டில் சாதுவானதற்குக் கோம்போவே சேணம் கட்டினான். எப்போது திரும்புவாய் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிள் முன்னே போக, துல்மாவைச் சுமந்துகொண்டு ஒட்டகம் எழுந்தது, இன்னொன்று பின்னால் கயிற்றில்.

பயணம் நல்லபடி அமைய, போகிறவர் பின்னால் பால் தெளிப்பது வீட்டுப் பெண்ணின் வேலை. அவனுக்கு எத்தனையோ முறை தெளித்திருக்கிறாள். முதுகுக்குப் பின்னால் வாளி கிணுகிணுத்தது. திரும்பிப் பார்த்தாள். கோம்போ அகப்பையை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல், நிறைய மொண்டு ஒரே வீச்சாக வீசினான். எதிர்காற்றில் பால் அவன் முகத்திலேயே வந்து அடித்தது. துடைத்துக்கொள்ளாமல் மறுபடியும் மொண்டான்.