பின்வளவில் மஞ்சள் கொடிகள்

அருள்நாயகம் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டான். இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் அப்படி நடந்ததில்லை. என் கையில் என் மனைவி குணவதியின் ஆஸ்பத்திரிக் கடிதம். அதற்குள் நான் விஷயத்தைச் சொல்லியும்விட்டேன்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ. உதை நான் கேக்கக் கூடாது."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவன் மாகாணசபை உறுப்பினராக இருந்த பதினொரு வருடமும் எங்கள் அஜின்கோர்ட் பகுதியில் யாருக்கு என்ன அலுவல் என்றாலும் நேரே அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டினோம். சுகாதார அட்டை வராதவர், வேலையில் கை நசுங்கியவர், எல்லோரையும் குசினி மேசையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, அங்கேயே போனை எடுப்பான். அவன் தோற்ற தேர்தல் மாசிப் பனியில் வந்தது. உறைந்த வீட்டு வளவுகளில் அவன் தேர்தல் பெயர்ப்பலகைகளை அடித்து நட்ட என் வலது தோள் இன்னும் சரியில்லை. சில மாதங்களில் மத்திய அரசு அவனை எரிசக்தி ஆணையத்துக்கு எடுத்தது. எரிவாயுக் குழாயை எங்கே, எப்போது தோண்டலாம் என்று தீர்ப்புச் சொல்லும் மூன்று பேரில் ஒருவன். கோயிலில் பொன்னாடை போர்த்தினோம். எங்கள் ஆள் மேலே போய்விட்டான் என்று நான்தான் அதிகம் துள்ளினேன்.

எங்கள் வீட்டுப் பின்வளவுக்குக் கீழே ஒரு பழைய குழாய் ஓடுகிறது. அதை மாற்றக் கம்பனி விண்ணப்பித்திருந்தது. வைகாசியில் தொடங்கினால் கோடை முழுக்க வளவு தோண்டின கிடங்காகத்தான் கிடக்கும். குணவதிக்கு அடுத்த கோடை இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். அந்த வளவில் வெயிலுக்குக் கதிரை போட்டு இருப்பதைத் தவிர அவள் வேறெதுவும் கேட்கவில்லை. வேலை ஒரு வருடம் பிந்தினால் போதும்; வாசலில் நான் அருளிடம் சொன்னது அதுதான். ஆட்சேபம் இருந்தால் எழுதும்படி ஆணையத்திலிருந்து கடிதம் வந்தது. அருள் இருக்க நான் ஏன் எழுதவேண்டும் என்று அதை அலுமாரிக்கு மேலே போட்டேன். கடைசித் திகதியும் போய்விட்டது.

வாசலில் அவன் முகம் வெளிறியிருந்தது.

"நீங்கள் சொன்னதை நான் அப்பிடியே எழுதிக் குடுக்க வேணும் அண்ணை. ஒரு பக்கத்தாரிட்டத் தனியக் கேட்டிட்டன், இனி இந்த வழக்கில நான் இருக்கேலாது."

"அப்ப எங்களுக்காக ஆர் கதைக்கிறது?"

உள்ளே வாங்கோ என்று அவன் கடைசிவரை சொல்லவில்லை.

இரண்டு கிழமையில் ஆணையத்தின் இணையத்தளத்தில் எல்லாம் வந்தது. பொன்னம்பலம் என்ற என் பெயர், வாசலில் நான் சொன்ன நாலு வசனம், அருள் விலகிய செய்தி. மிச்ச இரண்டு பேரும் கம்பனிக்கு வைகாசியையே கொடுத்தார்கள். திகதிக்குள் எங்கள் வீட்டிலிருந்து ஆட்சேபம் எதுவும் வரவில்லை என்று அதில் ஒரு வரி. அருள்மேல் கோபப்படத்தான் பார்த்தேன். முடியவில்லை. என்னைத்தான் எனக்குப் பிடிக்காமல் போனது.

சித்திரைக் கடைசியில் கம்பனி ஆட்கள் இரண்டு பேர் வந்து, குழாய் ஓடும் வழியைக் காட்ட வளவு நெடுகச் சின்ன மஞ்சள் கொடிகள் நட்டுவிட்டுப் போனார்கள். குணவதி கண்ணாடிக் கதவால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சரப்பா, அருள் திரும்பவும் எலக்சன் கேக்கிறானோ?"

"ஓம்," என்றேன்.

வெளியே நல்ல குளிர். என் தடித்த ஜக்கெட்டை அவளுக்குப் போட்டு, கதிரையைக் கொண்டுபோய் இரண்டு கொடிகளுக்கு நடுவே வைத்து இருத்தினேன். ஒரு கொடி சரிந்து நின்றது. பழக்கத்தில் குனிந்து அதை நேராக்கி, சுற்றிவர மண்ணைக் காலால் மிதித்துவிட்டேன்.