கூழைக்கடாவுக்கு இடம்

சின்ன காஞ்சிபுரத்தில் வீரபாகு பட்டு மாளிகையில் ஏ.சி. அறை ஒன்றுதான். அதில் குடியிருந்தது கம்ப்யூட்டர். முதலாளி வீரபாகுவே வெளியே மின்விசிறிக்குக் கீழேதான் உட்காருவார். உட்கார்ந்தபடி, வருகிறவர்களிடமெல்லாம் "நம்மளது ரெண்டு ஜீபி" என்பார், வாசலில் இரண்டு யானை கட்டியிருப்பவர் குரலில். ஜீபி என்பது நீளமா எடையா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது.

மிஷின் வந்த அன்றே அவர் போட்ட உத்தரவு, உள்ளே இடம் காலியாக இருக்கக் கூடாது என்பது. அரிசிப் பானையைக்கூட அடி வரை வழித்தெடுக்காத வீடு அவருடையது. விற்க வந்தவன் குஷியாக அள்ளிக் கொட்டிவிட்டுப் போனான். ஜாதகம் கணிக்கும் புரோகிராம், நானூறு வகை எழுத்து, சீட்டாட்டம், திரையில் நீந்தும் மீன். கம்ப்யூட்டரை எழுப்பி நடத்துகிற ஓ.எஸ். மட்டும் சளைத்ததா? உலகத்திலுள்ள அத்தனை பிரிண்டருக்கும் அது ஃபைல் வைத்திருந்தது. கடையில் பிரிண்டர் ஒன்றே ஒன்று.

இதையெல்லாம் கட்டி மேய்த்தவள் பிரவீனா, தென்னேரி சாமுவேலின் மகள். புடவை பார்டருக்குக் கட்டம் கட்டமாகத் திரையில் படம் போடுவாள். பிடித்துப்போனால் அதைப் பார்த்து முருகேசன் தறிக்கு அட்டை குத்துவார்; அட்டையில் அவர் போடும் ஓட்டைப்படிதான் புடவையில் உருவம் விழும். இரண்டு வருஷம் மயிலும் அன்னமுமாகப் போட்டுக் கை அலுத்து, இந்த முறை தன் ஊர் ஏரியில் இறங்கும் நீள அலகுக் கூழைக்கடாவைப் போட்டிருந்தாள். அவள் சொந்தமாகப் போட்ட முதல் டிசைன்.

"கல்யாணப் புடவைல மீன் திங்கற பறவையா?" என்றார் வீரபாகு. "சரி, நாலு மணிக்கு வேலூர் பார்ட்டி வருது. கலர்ல காட்டு. புடிச்சா போடுவோம். இல்லன்னா மயிலுதான், அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

கலரில் காட்டப் புதிய டிசைன் புரோகிராம் சி.டி.யில் வந்திருந்தது. அது கேட்ட இடம் முந்நூறு எம்.பி. டிஸ்க்கில் மிச்சமிருந்தது பதினொன்று. சென்னை இன்ஜினியருக்குப் போன் போட்டாள். "மேடம், உங்க ஆர்க்கிடெக்சரே சாச்சுரேட் ஆயிடுச்சு. புது மிஷின் வாங்கிடுங்க" என்று அவர் வைத்துவிட்டார்.

மணி ஒன்று. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். பிரவீனா டிசைன்களையெல்லாம் ஃபிளாப்பியில் பத்திரப்படுத்திவிட்டு, துப்பட்டாவை இழுத்து முடிந்துகொண்டு உட்கார்ந்தாள்.

முதலில் மீன் போயிற்று.

"மொதலாளி அழுவாருடி," என்றாள் புடவை மடிக்கும் தேவகி, கதவோரம் நின்றபடி.

"அழட்டும்க்கா."

ஜாதகம், சீட்டாட்டம், வகை வகையான எழுத்து எல்லாம் போயிற்று. பிரிண்டர் பட்டாளம் போயிற்று. காலியிடம் எண்பது ஆனது. போன வருஷம் ஓ.எஸ்.ஸைப் புதிதாக மாற்றியபோது, அது பழசையும் சுருட்டிப் பரணில் போட்டு வைத்திருந்தது. அதையும் இழுத்துத் தள்ளினாள். நூற்றி அறுபது. இணைப்பே இல்லாத இன்டர்நெட்டுக்கான சாமான்களைக் கழித்ததும் இருநூற்றிப் பதினைந்து. பிரவீனாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் எண் அங்கேயே நின்றுவிட்டது. இனிக் கழிக்க ஒன்றுமில்லை.

இன்னொரு வழி இருந்தது. அந்த டிஸ்க்கில் எவ்வளவு சின்ன ஃபைல் வந்தாலும் ஒரு முழுப் பெரிய அறையைக் கொடுத்தாக வேண்டும். மண்டபத்தில் ஆளுக்கொரு ரூம் கேட்கிற மாப்பிள்ளை வீட்டார் போல, ஓ.எஸ்.ஸின் குட்டி ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் கால் நீட்டிப் படுத்திருந்தன. அறைகளைச் சின்னதாகத் தடுக்கிற வசதியும் ஓ.எஸ்.ஸிலேயே இருந்தது. தடுத்தால் திரும்ப முடியாது. நடுவில் கரன்ட் போனால் எல்லாம் போயிற்று. யூ.பி.எஸ். பொங்கலுக்கு முன்பே உயிரை விட்டிருந்தது.

"வேணாம்டி. போச்சுன்னா உன்னத்தான் கேப்பாரு."

"இல்லன்னா மயிலுக்கா. ஆயுசுக்கும் மயிலு."

தட்டினாள். திரை கறுத்து, சதவீதம் ஏறத் தொடங்கியது. இருபது. முப்பத்தைந்து. நாற்பதில் கடை விளக்கு மங்கி, மின்விசிறி முனகியது. தேவகி பிரவீனாவின் தோளைப் பிடித்தாள். விளக்கு தடுமாறி, மறுபடி பிரகாசமானது. எழுபது. தொண்ணூறு. நூறு.

காலியிடம் ஐந்நூற்றித் தொண்ணூறு. பிரவீனா நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

அப்போதுதான் வீரபாகு ஏப்பத்தோடு உள்ளே வந்தார். டிஸ்க்கின் நிலவரம் காட்டும் வட்டம் திரையில் இருந்தது. நேற்று வரை முழுக்க நீலம். இன்று கால்வாசிக்கு மேல் ரோஜா நிறம்.

"இங்க இருந்ததெல்லாம் எங்கம்மா?"

"வேண்டாதத எடுத்துட்டேன் மொதலாளி."

"எடுத்துட்டியா? எடுத்து எங்க வெச்சிருக்க?"

அவர் தொழில் அப்படி. நெசவாளிக்கு நூலை நிறுத்துக் கொடுப்பார், புடவையை நிறுத்து வாங்குவார். குறைந்தால் யார் பையிலோ இருக்கிறது என்று அர்த்தம். அவர் கண் பிரவீனாவின் கைப்பைக்குப் போனது. அவளுக்குக் காது சுட்டது. பையை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தாள். டிபன் டப்பா, பஸ் பாஸ், சீப்பு.

"முருகேசா, தராசு எடுத்தா."

கம்ப்யூட்டரை அணைத்து, பெட்டியை நூல் நிறுக்கிற தராசில் ஏற்றினார்கள். அவர் கடைக்குள் நுழையும் எதையும் நிறுக்காமல் விட்டதில்லை. பெட்டியின் முதுகில் ஒன்பது கிலோ நானூறு என்று மையால் எழுதியிருந்தது. முருகேசன் குனிந்து முள்ளைப் பார்த்தார்.

"நாப்பது கிராம் அதிகமா இருக்குது மொதலாளி."

மிஷினுக்குத் தினமும் காட்டிய ஊதுபத்தியின் இரண்டு வருஷத்துச் சாம்பல் உள்ளே சேர்ந்திருந்தது. ஆனால் அதிகம் என்ற சொல் காதில் விழுந்ததும் வீரபாகுவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, நம்ம மிஷின் வளந்துக்கினுதான் இருக்குது. ஆவட்டும்மா, வேலயப் பாரு."

மணி மூன்று நாற்பது. சி.டி. சுழன்று புதிய புரோகிராம் ஏறத் தொடங்கியது. வேலூர்க்காரர்கள் செருப்பைக் கழற்றும்போது கடைசிக் கோடு நிரம்பியது. அரக்கு நிறத்தில், பொன் பார்டரில், வரிசையாகக் கூழைக்கடாக்கள் இறங்கின.

"இது என்ன பறவை?" என்றாள் கல்யாணப் பெண்.

"பல்லவர் காலத்து டிசைன்மா. பரம்பரையா நம்ம கையில இருக்குது," என்றார் வீரபாகு.

"எங்க தென்னேரி ஏரிக்கு வரும். கூழக்கடா," என்றாள் பிரவீனா. "நான் போட்டது."

பெண் திரைக்கருகே குனிந்தாள். அவள் அம்மா மயில் இருக்கிறதா என்று கேட்கப் போனாள். "மயில் எல்லார்கிட்டயும் இருக்கும்மா. எனக்கு இதுதான்," என்றாள் பெண்.

வீரபாகு தொண்டையைச் செருமி முருகேசனைப் பார்த்தார். முருகேசன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, திரைமேல் விரல் வைத்துக் கட்டங்களை எண்ணினார்.

"அலகுக்கே முப்பது அட்ட ஆவும் போலகீதேம்மா."

"ஆவட்டும்ணா," என்றாள் பிரவீனா. "ஒண்ணு கூடக் கொறைக்காதீங்க."