ரோட்டை ஒட்டிய வயல்

ஜேசிபியின் பக்கெட் வயலின் அந்தக் கோடியில் மூன்றாவது தடவை மண்ணை வழித்தபோது அந்த வெள்ளைக் கல் தெரிந்தது. கையை உயர்த்தினேன். டிரைவர் பி.ஜே. இன்ஜினைத் தணித்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

"என்ன டாக்டரம்மா, தங்கமா? பாதி எனக்கு."

காலையிலிருந்து இது அவனுடைய நாலாவது தங்கம்.

தொல்லியலில் டாக்டர் பட்டம் வாங்கிய என் வேலை நின்று பார்ப்பது. அயர்லாந்தின் மேயோவில் அந்த வருடம், 2005-ல், எங்கு திரும்பினாலும் வீடு கட்டினார்கள். பக்கத்தில் பழைய கோட்டை மேடோ இடிந்த தேவாலயமோ இருந்தால், மேல்மண்ணை எடுக்கும்போது தொல்லியல் ஆள் ஒருத்தர் கூட நிற்க வேண்டும் என்று கவுன்சில் நிபந்தனை போட்டுவிடும். பெரும்பாலும் பீங்கான் துண்டும் மாட்டுப் பல்லும்தான் வரும். ஒரு பக்க அறிக்கையோடு முடிந்துவிடும். இந்த வயலில் வீடு கட்டவிருந்த டெக்லனும் அப்படித்தான் நம்பியிருந்தான். அப்பா வீட்டுக்குப் பின்னால் ஒரு தகர வண்டிவீட்டில் மனைவியோடும் இரண்டு பெண்களோடும் நாலு வருடமாக இருக்கிறவன். வியாழக்கிழமைக்கு கான்கிரீட் லாரி சொல்லியிருந்தான்.

மண்டியிட்டு, கொத்துக்கரண்டி போன்ற சிறு கரணையால் மெதுவாகச் சுரண்டினேன். ஒரு முழ நீளத்துக்குச் சிறு கற்களை வரிசையாக நட்டுச் செய்த பெட்டி போன்ற அமைப்பு. அதன் மேல்தான் அந்த வெள்ளைக் கல். பக்கத்தில் இன்னொன்று. மதியத்துக்குள் பதினொன்று ஆகிவிட்டன. எலும்பு இல்லை. எங்கள் பக்கத்துப் அமிலம் மிகுந்த மண் எதையும் விட்டுவைக்காது. அடியில் மண் கொஞ்சம் கறுத்திருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் அவை என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளை கல்லறைத் தோட்டத்து மந்திரித்த மண்ணில் புதைக்கப் பாதிரியார்கள் விடாத காலம் ஒன்று இருந்தது. அவர்களுக்கென்று ஒவ்வொரு தேவாலயப் பங்கு வட்டாரத்திலும் இப்படி ஒரு மூலை உண்டு. பல மூலைகள் எந்த வரைபடத்திலும் இல்லை.

டெக்லனின் அப்பா ஃபெஸ்டி காலையிலிருந்து கல்சுவருக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தார். எழுபது வயது. வேடிக்கை பார்க்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது உள்ளே வந்து என் அருகில் நின்றார்.

"இத்தோட மூடிடலாமாம்மா?"

முடியாது, மேலே சொல்லியே ஆக வேண்டும் என்றேன்.

"தெரியும். சும்மா கேட்டேன்," என்றார்.

பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார். அறுபத்து நாலு மார்ச். அவர்களுடைய முதல் குழந்தை, பெண். மூச்சு விடாமலே பிறந்தது. சோப்பு வந்த மரப்பெட்டி ஒன்றில் வைத்து, பொழுது சாயும் நேரத்தில் அவர் தனியாகத்தான் கொண்டு வந்தார். அப்பாதான் போக வேண்டும், அம்மாவிடம் இடத்தைச் சொல்லக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். மனைவி டீலியா படுக்கையிலிருந்து எழுந்ததும் கேட்டாள். தெரியாது, இருட்டிவிட்டது, என்றார். சில வருடங்கள் கேட்டுக்கொண்டிருந்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

டெக்லன் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"பிளான மேச மேல விரிச்சப்ப நீங்க பக்கத்துலதானப்பா இருந்தீங்க?"

"இருந்தேன்."

"கையெழுத்துப் போட்டீங்க."

"போட்டேன்." அவர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ரோட்ட ஒட்டி நம்மகிட்ட இருக்கிறது இந்த ஒரு வயலுதான். தர மாட்டேன்னா ஏன்னு கேப்ப. இத்தன வருஷம் சொல்லாம இருந்துட்டு எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலடா."

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். நிறுத்து, வேலி போடு என்றார்கள். ஆய்வுக்கு எல்லாவற்றையும் பெயர்த்தெடுக்க நேரலாம். அனுமதியே ரத்தாகலாம். தள்ளிக் கட்ட அந்த ஒடுங்கிய வயலில் இடமில்லை. இதையெல்லாம் டெக்லனிடம் நான்தான் சொன்னேன். அவன் போய்க் காரின் கதவைத் திறந்து வைத்து உள்ளே உட்கார்ந்துகொண்டான். பி.ஜே. இன்ஜினை அணைத்தான்.

சத்தம் நின்றதால்தான் டீலியா வந்தார் போலிருக்கிறது. மழைக்கோட்டுக்குள் சமையல் ஏப்ரன். என்ன இடம் என்று அவரிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெள்ளைக் கற்களை வெகுநேரம் பார்த்துவிட்டு, கணவரை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்.

"இதுல எது எங்களுது?"

நான் ஃபெஸ்டியைப் பார்த்தேன். அவர் கற்களுக்கு நடுவே போனார். ஒன்றின் அருகில் நின்றார். பிறகு இன்னொன்றின் அருகில். முள்மரம் ஒன்று இருந்தது, அதிலிருந்து மூன்று எட்டு என்று முணுமுணுத்தார். அந்த மரத்தை ரோட்டை அகலப்படுத்தும்போது வேரோடு எடுத்து முப்பது வருடம் ஆகிறது. கையை எங்கோ நீட்டப் போய் இறக்கிக்கொண்டார்.

"தெரியல டீலியா."

இந்தத் தடவை அது பொய் இல்லை.

"அன்னிக்கும் இதையேதான் சொன்ன," என்றார் டீலியா. குரல் உயரவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, டி.என்.ஏ. டெஸ்ட் எதுவும் இல்லையா, டிவியில் காட்டுகிறார்களே என்று கேட்டார். அதற்கு எலும்பாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லும்போது என் கையில் கரணை இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மேற்கிலிருந்து மழை வந்தது. வண்டியிலிருந்த தார்ப்பாயை எடுத்து வந்தேன். ஏழு குழிகளைத்தான் அது மூடும். டெக்லன் காரை விட்டு இறங்கி வந்து ஒரு முனையைப் பிடித்தான். பி.ஜே. ஒன்று, ஃபெஸ்டி ஒன்று, நான் ஒன்று. இடது பக்கம் நகர்ந்தோம். அந்தக் கோடியில் நாலு வெளியே நின்றன. வலது பக்கம் நகர்ந்தோம். டீலியா எந்தப் பக்கமும் காட்டவில்லை. எந்த நாலை நனைய விடுவதென்று கீழே இறக்க யாருக்கும் மனம் வராமல், நாலு பேரும் இடுப்பு உயரத்தில் தார்ப்பாயைப் பிடித்தபடி நின்றோம். நடுவில் தண்ணீர் சேர்ந்து கனத்துக்கொண்டே போனது.