போட்டோ எடுக்கக் கூடாத கடை

சவரிராஜ் பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பது வருஷம் வேலை பார்த்தார். பிறகு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, உறையூரில் ஹாலித் பாயின் தையல்கடைக்கு மேலே ஒரு புத்தகக் கடை போட்டார். ஆணை நேசிக்கும் ஆண்கள், பெண்ணை நேசிக்கும் பெண்கள், திருநங்கைகள், திருநம்பிகள் என்று இவர்கள் எழுதியதும் இவர்களைப் பற்றி எழுதியதும்தான் அங்கே இருந்தன. பலகையில் வெறுமனே 'புத்தகக் கடை' என்று போட்டிருந்தார். தேடி வருகிறவர்களுக்கு அது போதும் என்பார்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம் தங்கைகளைக் கரையேற்ற வேண்டும் என்று சொல்லி வந்தார். தங்கைகளின் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆன பிறகும் அதையேதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். லால்குடியிலிருந்து இரண்டு டீச்சர்கள் பஸ்ஸில் வருவார்கள். ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள். ஊரைப் பொறுத்தவரை அக்கா தங்கை. ரேஷ்மா என்ற திருநங்கை ஒரு மருத்துவமனை ரிசப்ஷனில் வேலை பார்த்தாள். அவள்தான் சத்தம் போட்டு வாசிப்பாள், மற்றவர்கள் கேட்பார்கள். பாதி நாள் வாசிப்பே நடக்காது. வீட்டில் வாய்திறக்க முடியாததையெல்லாம் பேசித் தீர்த்துவிட்டுக் கிளம்புவார்கள். கடைக்கு ஒரே விதி, போட்டோ எடுக்கக் கூடாது. சவரிராஜே போட்ட விதி அது.

ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து ஹரிபிரசாத் வந்தான். இருபத்துநாலு வயது. பேங்க் பரீட்சை கோச்சிங் என்று வீட்டில் சொல்லிவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தே வருவான். முதல் மாதம் யாரிடமும் பேசவில்லை. சுவரோரம் தரையில் உட்கார்ந்து படித்துவிட்டுப் போய்விடுவான். அப்புறம் ஒரு நாள், இந்த ஊரில் தன்னைப் போல் தான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்ததாகச் சொன்னான். சவரிராஜ் அந்த வயதில் அதே நினைப்போடு திரிந்தவர்.

கடை திறந்து இரண்டாம் வருஷம் நிறைந்த அன்று டீச்சர்கள் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார்கள். ரேஷ்மா புது அலமாரிக்குப் பூச்சரம் போட்டாள். சவரிராஜுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அலமாரியை மட்டும்தான் எடுக்கிறோம் என்று நினைத்துப் போனில் ஒரு படம் எடுத்து, கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டார். அடுத்த முக்கால் மணி நேரத்தில், கிளம்பிப் போயிருந்த ரேஷ்மா போன் செய்து உடனே அதை நீக்கிவிடச் சொன்னாள். படத்தின் ஓரத்தில், மடியில் புத்தகத்தோடு ஹரி சிரித்துக்கொண்டிருந்தான். சவரிராஜ் அழித்துவிட்டார். அதற்குள் சென்னையில் இருந்த ஹரியின் அத்தை பையன் பார்த்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை முதல் ஹரியின் போன் அணைந்துகிடந்தது. வியாழக்கிழமை சவரிராஜ் ஸ்ரீரங்கம் போனார். ஹரியின் அம்மா அனுசுயா வாசலுக்கு வந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"அவன் ஊர்ல இல்லை. நீங்க யாருன்னு எங்களுக்குத் தெரியும். இனிமே இந்தப் பக்கம் வராதேள்."

குணப்படுத்துகிறேன் என்று சொல்லும் யாரோ ஒரு டாக்டரிடம் வெளியூர் கூட்டிப் போயிருக்கிறார்கள் என்று, ஹரியோடு படித்த பையன் ஒருவன் மூலம் தெரிந்தது. அப்படி வைத்தியம் பார்ப்பதே தவறு என்று ரேஷ்மா கொதித்தாள். அவளும் சவரிராஜும் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தார்கள். பையன் எந்த ஊரில் இருக்கிறான், அவனே புகார் சொல்வானா என்று வக்கீல் கேட்டார். எந்த ஊர் என்றே இவர்களுக்குத் தெரியாது.

அந்த ஞாயிறு சவரிராஜ் நடந்ததையெல்லாம் எல்லோரிடமும் சொன்னார். யாரும் திட்டவில்லை. டீச்சர்களில் மூத்தவள் மட்டும், தாங்கள் இருக்கிற மாதிரி வேறு படம் ஏதாவது இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை என்று போனைத் திறந்தே காட்டினார். அடுத்த வாரம் அவர்கள் வரவில்லை. பிறகு ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். ரேஷ்மாவும் அவரும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

ஆடி மாதம் கடையை மூடிவிடப் போவதாகச் சொன்னார். சுவரோரம் பார்க்கிற போதெல்லாம் ஹரி உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது என்றார்.

"மூடாதீங்கண்ணே," என்றாள் ரேஷ்மா. "அவன் திரும்பி வந்தா போறதுக்கு வேற எந்த இடம் இருக்கு?"

அவர் கேட்கவில்லை. புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் கட்டிப் பொன்மலை வீட்டுக்கு எடுத்துப் போனார். பலகையைக் கழற்றும்போது ரேஷ்மா வரவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் காலை ஹாலித் பாய் போன் செய்தார். முந்தின நாள் மத்தியானம் ஒரு பையன் மாடியேறிப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டானாம். ஆள் இளைத்துப்போய், உள்ளங்கையில் பேனாவால் ஏதோ எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தானாம். பாய் தண்ணீர் கொடுத்து, சவரி சாருக்குப் போன் போடவா என்று கேட்டாராம். வேண்டாம் என்றுவிட்டானாம்.

"அண்ணாவே மூடிட்டாரான்னு கேட்டான். ஆமா தம்பி, அவரேதான் மூடினாருன்னேன். அப்புறமும் ஒரு மணி நேரம் உக்காந்திருந்தான். முடிவெட்டிக்கிட்டு வரேன்னு வீட்ல சொல்லிட்டு வந்தேன், நேரமாச்சுன்னு சொல்லிட்டுப் போயிட்டான். யாரு சார் அது?"

சவரிராஜ் ரேஷ்மாவை அழைத்துக்கொண்டு உடனே ஸ்ரீரங்கம் போனார். வீடு பூட்டியிருந்தது. நிலைக்கு மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்து, கும்பகோணத்தில் பிள்ளைக்குக் கல்யாணம் என்றும், நேற்று சாயங்காலமே எல்லாரும் வேனில் கிளம்பிவிட்டார்கள் என்றும் சொன்னாள். முகூர்த்தம் எப்போது என்று ரேஷ்மா கேட்டாள். காலையிலேயே ஆகியிருக்கும் என்றாள் மாமி. பெண் பி.எட். படிக்கிறாளாம், நல்ல குடும்பமாம்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. காவிரிப் பாலத்தில் ரேஷ்மா ஜன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தன்னை ஏசிவிட்டால் தேவலை என்று சவரிராஜுக்கு இருந்தது.

"ஏதாவது சொல்லு ரேஷ்மா."

"அந்தப் பொண்ணு பேரு என்னன்னு கேக்காம வந்துட்டோம்," என்றாள் அவள்.

சத்திரத்தில் அவளுக்கு டியூட்டிக்கு நேரமாகியிருந்தது. போயிட்டு வரேண்ணே என்று இறங்கிப் போனாள். சவரிராஜும் இறங்க வேண்டிய இடம் அதுதான். கண்டக்டர் வந்து இரண்டு தடவை கேட்ட பிறகுதான் எழுந்தார்.