கேள்வி எண் பதினொன்று

முக்கால் மேடம் அழைப்பு மணியை அழுத்தியதும் கதவைத் திறந்தவர், அவளையும் அவள் தோள்பையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, இடுப்பை லேசாக வளைத்து ஒதுங்கி நின்றார். "வாங்க, வாங்க. பயணம் எல்லாம் சௌகரியமா இருந்துதா?" என்றார். எழுபது வயதிருக்கும். சட்டையைக் கால்சட்டைக்குள் ஒழுங்காகச் செருகியிருந்தார். தலை படிய வாரியிருந்தது. தப்பான வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று அவளுக்கே ஒரு நொடி சந்தேகம் வந்தது. அதற்குள் பின்னாலிருந்து மகன் ஓடிவந்து, "அப்பா, நான் பாத்துக்கிறேன்," என்றான்.

மறதி நோய் உள்ளவர்களின் வீட்டுக்குப் போய் மதிப்பெண் போடுவது அவள் வேலை. ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம் என்பது துறை போட்ட கணக்கு. அவளுக்கு எந்த வீட்டிலும் முக்கால் மணிக்குக் குறைந்து வேலை முடிந்ததில்லை. ‘முக்கால்’ என்று யாரோ கிண்டலாக ஆரம்பித்து வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது அவளைத் தேடி அலுவலகத்துக்கு வருகிற வெளியாட்களிடம்கூட "முக்கால் மேடமா? அந்த ஜன்னல் பக்கம்" என்றுதான் கைகாட்டுகிறார்கள். அதற்கு முன்பு பதினான்கு வருடம் மருத்துவமனை வார்டில் நர்ஸாக இருந்தவள். முதுகு வலி தாங்காமல் இந்த ஒப்பந்த வேலைக்கு மாறியிருந்தாள். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய வேலை.

திட்டம் நல்ல திட்டம்தான். பகல் நேரப் பராமரிப்பு நிலையத்துக்கு வேன் வந்து கூட்டிப்போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும், செலவு அரசுடையது. கேள்விகள் இருபது. மதிப்பெண் பதினாறு வந்தால் வாரத்துக்கு மூன்று நாள். இருபத்திரண்டு வந்தால் ஐந்து நாள். பதினாறுக்குக் கீழே என்றால் அட்டைப்படத்தில் சிரித்த முகங்கள் போட்ட ஒரு கையேடு. இந்தப் பரீட்சையில் தோற்றால்தான் பாஸ் என்பது பழக அவளுக்கு ஆறு மாதம் பிடித்தது. சில வீடுகளில் அவள் வருகிற நாளன்று பெற்றவர்களைக் குளிப்பாட்டாமல், தலை வாராமல் உட்கார வைத்திருப்பார்கள். அவளுக்குக் கோபம் வராது. அந்த வீட்டு ஆட்களின் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருப்பைப் பார்த்தால் போதும்.

இந்த வீட்டில் நிலைமை நேர்மாறு. பெரியவர் முப்பத்தைந்து வருடம் ஒரு ஓட்டலின் வரவேற்பு மேஜையில் நின்றவர். எதிரே வந்து உட்காருபவர் யாராக இருந்தாலும் அவருக்கு விருந்தினர்தான்.

"இன்னைக்கு என்ன தேதிங்கய்யா?" என்று கேட்டாள் முக்கால்.

"தேதிதானே, உங்களுக்கு எது தோதுப்படும்னு சொல்லுங்க. பாத்து வெச்சிடலாம்."

"இவர் உங்களுக்கு என்ன வேணும்?" மகனைக் காட்டினாள்.

அவர் மகனைப் பார்த்துப் புன்னகைத்தார். "நல்ல பையன். பொறுப்பானவன். உங்களுக்கு எது வேணும்னாலும் இவன்கிட்ட சொல்லுங்க, கொண்டுவந்து குடுப்பான்."

மகன் தரையைப் பார்த்தான். முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்துத் தேய்க்கிற வேலை. விரல் நுனிகளில் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. அம்மா இறந்து நான்கு வருடம் ஆகிறது.

நினைவைப் பற்றிய கேள்விகள் ஆறுதான். அதில் முழுசாகப் பன்னிரண்டு வந்துவிட்டது. மீதி எல்லாம் உடம்பைப் பற்றியவை. தானாகக் குளிக்கிறாரா, பொத்தான் போடுகிறாரா, கழிவறைக்குப் போய்வருகிறாரா, சாப்பாட்டைச் சிந்துகிறாரா. எல்லாவற்றுக்கும் பூஜ்யம். முன்கோபம் உண்டா என்ற கேள்விக்கு மகன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரே ஒரு தடவை. சாவிய எடுத்து ஒளிச்சு வெச்சுட்டேன்னு," என்றான். அதற்கு ஒன்று. பதின்மூன்று.

பாக்கி இருந்தது கேள்வி எண் பதினொன்று, அதற்கு மட்டும் ஐந்து மதிப்பெண். அதை அவள் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தாள். "கடந்த மூணு மாசத்துல தனியா வெளிய போய் வழி தவறியிருக்காரா?"

"இல்ல மேடம்."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. முக்கால் வாசற்கதவைத் திரும்பிப் பார்த்தாள். கதவின் வெளிப்பக்கத்தில் புதிதாக அடித்த தாழ்ப்பாளையும் அதில் தொங்கிய பூட்டையும் வரும்போதே கவனித்திருந்தாள். ஆணி அடித்த இடத்தில் பெயின்ட் உரிந்திருந்தது. வீட்டுக்குள்ளேயே இருக்கிற மனுஷன் எப்படி வழி தவறுவார்?

அவன் உண்மையைச் சொன்னால் டேப்லெட்டில் அடுத்த கேள்வி திறக்கும்: "வெளியே பூட்டி வைக்கப்படுகிறாரா?" அதில் ஆம் என்று போட்டால் முதியோர் பாதுகாப்புப் பிரிவுக்குத் தானாகவே தகவல் போய்விடும். போன வருடம் ஒரு டெய்லர் அம்மா வெள்ளந்தியாக ஆம் என்று சொன்னாள். மூன்றாவது நாள் இரண்டு பேர் வந்து, விசாரணை முடிகிறவரை என்று சொல்லி அவளுடைய தாயாரை ஒரு காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். விசாரணை ஏழு மாதம் நடந்தது. அந்தப் பேச்சு ஊரில் எல்லார் காதுக்கும் எட்டியிருந்தது. பூட்டினால் குற்றவாளி, பூட்டாவிட்டால் அப்பா எங்கேயோ போய் அடிபடுவார், பூட்டியதை மறைத்தால் மதிப்பெண் கிடையாது. இந்தத் திட்டத்தை எழுதியவர்கள் யாரும் காலை ஒன்பதரைக்கு வேலைக்குப் போக வேண்டியவர்கள் இல்லை போலிருக்கிறது என்று முக்கால் நினைத்துக்கொண்டாள்.

கையிலிருந்த டேப்லெட்டை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

"கதவத் தெறந்து வைங்க," என்றாள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. "வேணாம் மேடம்."

"நீங்க வாயால சொன்னா அது வேற எடத்துக்குப் போகும். நான் கண்ணால பாத்தா இங்கயே எழுதலாம். ரெண்டு பேரும் கூடவே போவோம். பயப்படாதீங்க."

அவன் சட்டை நுனியால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தான். திரும்பத் திரும்பத் துடைத்தான். பிறகு எழுந்துபோய்க் கதவை விரியத் திறந்தான்.

கால் மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. பெரியவர் சாவகாசமாக உட்கார்ந்து அவளுக்கு எந்தப் பக்கத்து அறை பிடிக்கும், மாடியா கீழேயா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். இன்று இவர் நகரவே மாட்டார் என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்த சமயத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முகம் மாறியது. எழுந்து கண்ணாடி முன்னால் நின்று தலை வாரி, செருப்பை விட்டுவிட்டு ஷூவை மாட்டி, கயிறு கட்டி, "நீங்க ஓய்வெடுங்க. எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவ்வளவு வேகம் அவள் எதிர்பார்க்காதது. சந்து திரும்பி, மருந்துக்கடை தாண்டி, பெரிய சாலைக்கு வந்தார். பத்தடி பின்னால் மகன், அவன் கையை முழங்கைக்கு மேலே பிடித்தபடி முக்கால். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் பார்த்துவிடலாம் என்றுதான் அவனைப் பிடித்திருந்தாள். பெரியவர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திரும்பிப் பார்க்காமல் சாலையில் இறங்கினார். லாரி போட்ட பிரேக்கில் டயர் தேய்ந்த நாற்றம் அவர்கள் நின்ற இடம்வரை வந்தது. லாரிக்கும் அவருக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். டிரைவர் தலையை நீட்டி வாய்க்கு வந்தபடி திட்டினான். பெரியவர் அவனுக்கும் ஒரு சின்ன வணக்கம் வைத்துவிட்டு நடந்தார்.

மகன் அவள் கையை உதறிக்கொண்டு ஓடினான். முக்கால் லாரி நகரும்வரை இந்தப் பக்கமே நின்றாள். ஐந்து மதிப்பெண்ணுக்காகக் கதவைத் திறந்துவிடச் சொன்னவள் அவள்தான். வார்டில் இருந்த பதினான்கு வருடத்தில் ஒரு கட்டிலின் பக்கக் கம்பியைக்கூட அவள் இறக்கிவிட்டுப் போனதில்லை.

அவள் அவர்களைக் கண்டுபிடித்தபோது பெரியவர் மின் கட்டணம் கட்டுகிற அலுவலகத்துக்குள் இருந்தார். வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். வாயும் வயிறுமாக நின்ற ஒரு பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். "பெட்டி எதாவது இருந்தா இந்தப் பக்கம் வெச்சிடுங்க, பத்திரமா இருக்கும்," என்று ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. புதிதாகப் போட்ட ஆள் என்று நினைத்திருப்பார்கள்.

மகன் தூணோரம் காத்திருந்தான். மூச்சு வாங்கியது. சட்டையை இழுத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நேராக நின்றான்.

"சார், உங்க ஷிஃப்ட் முடிஞ்சுது. நான் மாத்திக்கிறேன். நீங்க கிளம்புங்க."

"வந்துட்டியா? பன்னெண்டாம் நம்பர் ரூம்ல தண்ணி வரலியாம். பாத்துக்க."

"பாத்துக்கிறேன் சார்."

அதை அவன் சொன்ன விதத்திலிருந்து, முதல் தடவை சொல்வதல்ல என்று அவளுக்குத் தெரிந்தது.

பெரியவரை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். வாசலில் முக்கால், "என்னை மன்னிச்சுடுங்க," என்றாள். அவன், "எத்தன வந்துது?" என்று கேட்டான்.

"பதினெட்டு."

"அப்ப மூணு நாள்."

"மூணு நாள்."

"கடை ஆறு நாள் மேடம்," என்றான். குறையாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னான்.

மேற்பார்வையாளர் மறுநாள் காலையிலேயே கூப்பிட்டார். கெட்ட மனுஷன் இல்லை. அவர் மேஜையில் இரண்டு போன்கள் மாறி மாறி அடித்துக்கொண்டே இருக்கும்.

"ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம். ஒங்க பேரையே மாத்தணும் போலிருக்கே," என்றார். பிறகு அறிக்கையைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். "நேரில் கண்டதுன்னு எழுதியிருக்கீங்க. கதவு எப்படித் தெறந்துது?"

"நான்தான் தெறக்கச் சொன்னேன்."

"அவர் அடிபட்டிருந்தா?"

 அந்தக் கேள்வியை ராத்திரி முழுக்கத் தனக்குத்தானே கேட்டுப் பார்த்திருந்தாள்.

"வாசல்ல பூட்டு கீட்டு இருந்துதா?"

"படிவத்துல கேட்டதுக்கு பதில் எழுதியிருக்கேன் சார்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு போன் அடித்து நின்றது. "நிலையத்துல நாப்பது இடம். மனு முந்நூறு. அந்த இருபது கேள்வி எதுக்குன்னு நெனைக்கிறீங்க? யாருக்கு வேணும்னு கண்டுபிடிக்கவா? யாருக்கு இல்லன்னு சொல்றதுக்கு ஒரு காகிதம் வேணும், அதுக்கு." சொன்ன பிறகு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல் பேனாவை எடுத்து மூடியைப் போட்டார். அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். அவளிடம் விளக்கம் கேட்கிற கடிதத்திலும் போட்டார். அடுத்த மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது: மதிப்பீட்டாளர்கள் வீட்டின் கதவு, ஜன்னல் எதையும் திறக்கவோ திறக்கச் சொல்லவோ கூடாது. அதை அறிவிப்புப் பலகையில் குத்தியவர் அவளைப் பார்த்து நமுட்டுச் சிரிப்புச் சிரித்தார். ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதத்துக்கு இன்னும் பத்து வாரம் இருந்தது.

முதல் நாள் வேன் வருகிறபோது சம்மதப் படிவத்தில் மகனின் கையெழுத்தை வாங்க வேண்டும். அது மதிப்பீட்டாளரின் வேலை இல்லை, கடைநிலை ஊழியர் போனால் போதும். முக்கால் தானே போனாள்.

காலை எட்டே முக்கால். வேன் ஏற்கெனவே நின்றிருந்தது. உள்ளே இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். உதவியாள் பெண் கீழே இறங்கி நின்று, "ஏறுங்கய்யா, ஏறுங்க," என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஓட்டல்காரர் ஏறவில்லை. வேனின் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார்.

"முதல்ல நீங்க," என்றார் அந்தப் பெண்ணிடம்.

அவள் மகனைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். ஏறினாள். பெரியவர் அப்புறமும் அசையவில்லை. மகன் பக்கம் திரும்பி, வேனுக்குள் கையைக் காட்டிச் சொன்னார்:

"ஏறுங்க சார்."

"நான் வரலப்பா. நான் வேலைக்குப் போகணும்."

"எல்லாரும் உக்காந்தாச்சு. உங்களுக்காகத்தான் வண்டி நிக்குது."

டிரைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மகன் வீட்டில் போடுகிற ரப்பர் செருப்போடு நின்றான், ஒரு கையில் சாப்பாட்டுப் பை. முக்காலைப் பார்த்தான்.  படிவத்தை நீட்டலாமா என்று கையைத் தூக்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவன் குனிந்து வேனில் ஏறினான். எல்லாரும் ஏறிவிட்டார்கள் என்று எண்ணிப் பார்ப்பதுபோல் உள்ளே ஒரு தடவை பார்வையை ஓட்டிவிட்டு, பெரியவர் கடைசியாக ஏறிக் கதவைச் சாத்தினார்.

வேன் மெதுவாக நகர்ந்தது. பின்கண்ணாடி வழியே இரண்டு தலைகள் தெரிந்தன. பெரியவர் ஜன்னல் பக்கம் கையை நீட்டி, மருந்துக்கடையையோ மின்கம்பத்தையோ எதையோ சுட்டி, ஊருக்குப் புதிதாக வந்த ஒருவருக்குச் சொல்வதுபோல் விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவன் அவர் காட்டிய பக்கமெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.