மார்லீன் வீட்டுப் பின்கட்டில் திறந்த குழி

தங்கத்தின் விலை ஏறிய அந்த வருடம் ஆஸ்திரேலியாவின் சுரங்க ஊரான கால்கூர்லியில் புதர்க்காட்டைச் சமப்படுத்திப் புதுத்தெரு போட்டார்கள். அடியில் என்ன இருக்கிறதென்று யாரும் கேட்கவில்லை. பழைய சுரங்கக் குழிகளைப் பலகையால் மூடி மேலே மண் தள்ளிவிட்டுப் போனவர்கள் எப்போதோ செத்துப்போயிருந்தார்கள்.

அந்தத் தெருவில் குடியேறிய மார்லீன் யூரிச், ஒருநாள் பிற்பகல் பின்கட்டில் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கணவன் சுரங்க வேலைக்குப் போயிருந்தான். பக்கத்து வீட்டு கிளாரி பாஸ்கோ, ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி, தக்காளி கொடுக்க வேலியைத் தாண்டி வந்தார். பாதி வழியில் அவர் காலடி மண் பொசுக்கென்று உள்வாங்கியது. மார்பு வரை இறங்கியவர் ஒரு மக்கிய பலகையைக் கட்டிப்பிடித்துத் தொங்கினார்.

மார்லீன் ஓடினாள்.

"கிட்ட வராதே! காலுக்கு ஒண்ணுமே தட்டுப்படல."

மண்கட்டிகள் உள்ளே சரிந்தன. அவை விழுந்த சத்தமே கேட்கவில்லை.

"மணி என்னம்மா?"

"நாலாகப் போகுது."

தினமும் அந்த நேரத்துக்குத்தான் ஊரை ஒட்டிய பெரிய சுரங்கத்தில் வெடி வைப்பார்கள். அலமாரியில் கோப்பைகள் ஆடும்.

மார்லீன் ஈர விரிப்புகளை முறுக்கி ஒன்றோடொன்று முடிந்தாள். ஒரு முனையைக் கொடிக்கம்பத்தில் கட்டிவிட்டு, குப்புறப் படுத்து மறுமுனையை வீசினாள்.

"முடிச்சு இறுக்கமா இருக்கா? இல்ல உன் சமையல் மாதிரியா?"

"வாயை மூடிட்டுக் கையில சுத்துங்க, கிளாரி!"

அவர் சுற்றி முடிக்கவும் வெடி அதிர்ந்தது. பலகை முறிந்து மறைந்தது. தலையும் உள்ளே போனது. கம்பம் வளைந்தது, விரிப்பு விறைத்தது. மார்லீன் கத்திக்கொண்டே இழுத்தாள். முதலில் ஒரு கை வந்தது, பிறகு மண் அப்பிய முகம்.

தவழ்ந்தே சமையலறைப் படிக்கு வந்து சேர்ந்தார்கள். ஆயுளெல்லாம் பூமிக்கடியில் உழைத்த மனிதர் அங்கே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

நகராட்சி ஆட்கள் லாரி லாரியாகச் சரளை கொட்டி, இனி பயமில்லை என்று சொல்லிப் போனார்கள். மார்லீன் அதன்பின் துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போட்டாள்.

அடுத்த மாதம் விலைக்கு வந்த எதிர்மனையைப் பார்க்க ஓர் இளம் தம்பதி வந்தார்கள். மார்லீன் தெருவைக் கடந்து போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இந்த ஊர்ல குழி இல்லாத இடம் ஏது அக்கா?" என்று சிரித்தான் அந்த இளைஞன். அவன் மனைவி சிரிக்கவில்லை. நின்ற இடத்தை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, மெதுவாகத் தார்ச்சாலைக்கு நகர்ந்தாள்.